நீ கூட்டிப் பெருக்கின நிலம்

என் தங்க நைனாவுக்கு,

நெல்லு முத்திப் போச்சு. நாளைக்கு அறுப்பு. அம்மா அருவாளைத் தீட்டிக்கினு உட்கார்ந்திருக்கு. இதை முதல்ல உன்கிட்டதானே சொல்லணும்?

'என்னாலதான் மானியம் போச்சு, என்னாலதான் நிலமும் போவப் போவுது'ன்னு சொல்லிக்கினே போய்ச் சேர்ந்த. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு நைனா.

சுனாமி வந்து நம்ம அரை ஏக்கர்ல கடல் மணலைக் கொட்டிட்டுப் போச்சு. மணலை வாரவும் உப்பை முறிக்கவும் சர்க்கார் மானியம் தரும், ஆபீசர் நேர்ல சேதத்தைப் பார்த்து எழுதினாத்தான் கிடைக்கும்னாங்க. நீ இன்னா பண்ண? ஆபீசர் வராருன்னு நிலத்தையே கூட்டிப் பெருக்கின. நீ, அம்மா, நான், மூணு பேரும் பத்து நாள் கூடை கூடையா வாரி வேலியோரம் கொட்டினோம். "பெரிய மனுஷன் வர்ற இடம், குப்பையா இருந்தா நம்மள இன்னா நினைப்பாரு?"ன்ன. ஊரான் நிலத்துலயே காலம் தள்ளினவன் நீ. சொந்த நிலத்துக்கு ஆபீசர் வராருன்னா சும்மா இருப்பியா? எனக்கும் அது தப்பாத் தெரியல. வரப்புல கோலம் வேற போட்டேன்.

வந்தவரு வரப்பு மேலயே நின்னுகினு, "இங்க சேதம் ஒண்ணும் இல்லையேப்பா"ன்னு லிஸ்ட்ல நம்ம பேரை அடிச்சிட்டுப் போனாரு. வாரிக் கொட்டினது நாமதான்னு சொல்லாம, நீ கும்பிடு போட்டு அனுப்பி வச்ச. ஏன் நைனா?

அப்புறம் போட்ட கேவுரு முளைக்கவேயில்ல. பிளாட் போடுற புரோக்கர் அட்வான்ஸை நீட்டிக்கினு வாசல்லயே கிடந்தான். சித்திரை வெயில்ல நீயும் போயிட்ட.

உன் காரியம் முடிஞ்ச கையோட நிலத்துக்குப் போனேன். வெள்ளை வெளேர்னு உப்பு பூத்துக் கிடந்துச்சு. உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கோவம் வந்துச்சு. அந்த மண்ணை ஒரு கேரி பேக்ல வாரிக்கினு, அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல நான் பார்க்குற வீட்டு வேலைக்கு லீவு சொல்லிட்டு, செங்கல்பட்டு பஸ் ஏறினேன்.

அங்க விவசாய ஆபீசுல புதுசா ஒரு மேடம். "இதை எங்கேயிருந்து வேணும்னாலும் எடுத்துட்டு வரலாமேம்மா"ன்னாங்க.

"அப்போ நீங்களே வந்து அள்ளுங்க மேடம். இந்தத் தடவை நாங்க எதையும் கூட்டல"ன்னேன்.

வந்தாங்க நைனா. செருப்பைக் கழட்டிட்டு இறங்கினாங்க. ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சு முகத்தைச் சுளிச்சாங்க. டெஸ்ட்டுக்கு மண்ணு எடுத்தாங்க. வேலியோரம் நீ கொட்டின குவியல் கிளிஞ்சலோட அப்படியே கீது, அதையும் சுத்தி வந்து பார்த்தாங்க.

"இவ்வளவும் கையால வாரினதா?"

"எங்க நைனா வாரினது மேடம்."

அதையும் சேர்த்து எழுதினாங்க.

மானியம் அம்மா பேர்ல வந்துச்சு. உப்பை முறிக்க ஜிப்சம் போட்டோம். தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதோம். ரெண்டு மழைக்காலம் தண்ணியைக் கட்டிக் கட்டி வடிச்சோம். போன மாசம் புரோக்கர் திரும்ப வந்தான். அம்மா மோர் குடுத்து, பயிரைச் சுத்திக் காட்டி அனுப்பிடுச்சு.

நம்ம நிலம் யார் கைக்கும் போவாது. இது நான் உனக்குக் குடுக்குற வாக்கு.

நாளைக்கு அந்த மேடமும் விளைச்சல் பார்க்க வராங்க. களத்தைக் கூட்டிப் பெருக்கி, சாணி தெளிச்சு வச்சிட்டேன். பெரிய மனுஷி வர்ற இடமாச்சே நைனா.

வரப்புல கோலம் போட்ட
உன் மூத்த பொண்ணு,
செல்வி