ஐயாயிரத்து நாற்பத்தொன்று

உ
சிவமயம்

காஞ்சிபுரம்
16-1-1969

அன்பு மகள் காந்தாவுக்கு அம்மா நீலாம்பாள் ஆசி கூறி எழுதுவது. காமாட்சி கிருபையில் நாங்கள் சௌக்கியம். பிலாய்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் கவலை. காதை மூடிக்கொண்டு படு. உன் அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஜெயித்தது நான்.

நீ உண்டாகியிருப்பதாக மாப்பிள்ளை எழுதியதும் அம்மன் சன்னதியில் நின்று, நல்லபடி பிள்ளை பிறக்க நம் தறியிலேயே புடவை நெய்து சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். உன் அப்பா பாவில் நீளவாக்கில் எப்போதும் போடுவது 5040 இழை. சாமி காரியத்தில் பூஜ்யத்தில் முடியக்கூடாதே என்று, மொய்க்கு ஒரு ரூபாய் கூட்டுகிற பழக்கத்தில், 5041 இழை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வம்பு. புடவையில் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக மாறி மாறி வரவேண்டும். 5040 என்றால் எழுபது பட்டை, பட்டைக்கு எழுபத்திரண்டு இழை. ஒன்று கூடினால்? பாவு ஓட்டும் மயில்வாகனம், "ஒத்தை இழைய ஏதாவது ஒரு பட்டையில தள்ளிடலாம்பா" என்றார். அப்பா விடவில்லை. "என் தறியில ஒரு பட்டை குண்டு, ஒரு பட்டை ஒல்லியா? அந்த இழைய எடுத்துடு. அம்மன் வந்து எண்ணிக்கினா இருக்கப் போறா?" என்றார்.

அம்மன் எண்ணமாட்டாள். நான் எண்ணுவேனே. போன தடவை பிள்ளை தங்காமல் போய் நாம் பட்டது போதும். அந்த ஒன்றைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

உலையில் அரிசி கொதிக்கும்போது சுண்ணாம்புக் கட்டியால் அடுக்களைத் தரையில் வகுத்துப் பார்த்தேன். இரண்டிலிருந்து பத்து வரை எதால் வகுத்தாலும், நான் கூட்டிய அதே ஒன்று மீந்து நின்றது. பதினொன்றுக்கு மூன்று மீந்தது. இரண்டு போகாத இடத்தில் நான்கும் ஆறும் போகாது என்று புரிந்ததும் பாதி வேலை குறைந்தது. அறுபத்தேழுக்குப் பதினாறு மீந்தது. சோறு குழைந்தே போயிற்று. அடுத்து எழுபத்தொன்று. மீதி இல்லை, காந்தா. ஈவைப் பார்த்தால் அதுவும் எழுபத்தொன்று!

எழுபத்தொரு பட்டை, பட்டைக்கு எழுபத்தோர் இழை. வேறு எந்த எண்ணும் அதற்குள் நுழையாது. பட்டை ஒற்றைப்படை ஆனதால், சிவப்பில் தொடங்கிச் சிவப்பிலேயே முடிகிறது. இரண்டு ஓரமும் ஒரே நிறம்.

அப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சோறு குழைஞ்சா பரவாயில்ல, மோர் ஊத்து" என்றார். அவர் தோற்றதை ஒப்புக்கொள்வது அப்படித்தான், உனக்குத் தெரியாததா. மயில்வாகனம் பாவு ஓட்டி முடித்துவிட்டார். நாளை தை வெள்ளி, தறியில் ஏறுகிறது.

எத்தனையாவது மாதம் என்று நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எண்ணப் பயப்படாதே, அம்மா. தைரியமாக எண்ணி எனக்கு எழுது. புடவை சாத்துகிற அன்று, நம் வீட்டில் கூடின அந்த ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ சன்னதியில் என் பக்கத்தில் நிற்கவேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
நீலாம்பாள்