முதல் கையெழுத்து

எழுத்துக்கெல்லாம் முதலாய் நின்று அருளும் இறைவன் திருவடிகளை வணங்கி,

அன்பு மகளுக்குத் தந்தை எழுதுவது. இங்கு நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றே தணிந்திருக்கிறது.

நம் ஊர் நூற்பாலையை மூடுவதா என்று தலைமை அலுவலகத்தில் முடிவெடுக்கப் போகிறவள் நீதான் என்று தெரிந்ததிலிருந்து தெருவே நம் வாசலில் நிற்கிறது. "பெத்தவர் ஒரு வரி எழுதினா பொண்ணு தட்டுமா ஐயா?" என்கிறார்கள்.

புது இயந்திரம் மூன்று மாதமாக ஓடாமல் நிற்பதை நீ அறிவாய். பழையதன் நோயை ஓசை கேட்டே சொல்லிவிடும் நம் ஃபிட்டர், இதன் திரையில் ஓடும் எழுத்துகளின் முன் கைகட்டி நிற்கிறார். பெண்கள் அதன் பிடியில் சாப்பாட்டுப் பை மாட்டுகிறார்கள். நேற்று ஃபிட்டர், "ஊருக்கெல்லாம் பாட்டுப் பாடி அர்த்தம் சொன்னீங்களே, இதுக்கும் ஒண்ணு பாடுங்க, ஓடுதான்னு பாப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளம் கூசியது.

இருபது ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப் பெற்றோர் சம்மதம் கேட்டார்கள். பிள்ளைகள் படிக்கப் போனால் ஆலைக்கு ஆள் ஏது என்றார் அன்றைய முதலாளி. வழிபாட்டுக் கூடத்தில் கல்வியைப் போற்றும் செய்யுள்களை நாள்தோறும் ஓதி ஊருக்குப் பொருள் சொன்ன இந்த வாய்தான், கைத்தொழில் இருக்க ஏட்டுக்கல்வி எதற்கு என்று அதே கூடத்தில் பேசியது. வேண்டாம் என்ற தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. என்னை நம்பி நாற்பது வீட்டார் கைநாட்டு வைத்தார்கள். அவ்வகுப்புகள் பக்கத்து ஊருக்குப் போயின. இன்று அங்கே மூன்று ஆலைகள். கடைத்தெருவே இருமடங்கு நீண்டுவிட்டது. படித்தவர் பெருகினால் நாடு செழிக்கும் என்று ஏட்டில் வாசித்ததை, அடுத்த ஊர்த் தெருவில் நடந்து கற்றேன்.

உன் அம்மா உன்னை மாமன் வீட்டில் வைத்துப் படிக்கச் செய்தபோது, உன்னை அங்கே ஒத்தாசைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஊரில் பொய் சொன்னேன். அதையும் பொறுத்துக்கொள் அம்மா.

ஆதலால் தந்தை என்னும் உரிமையில் எதையும் கேட்கத் துணியேன். ஆறு மாத அவகாசம் தர இயலுமா என்று மட்டும் பார். இயந்திரத்தை இயக்கக் கற்பிக்க ஒருவரை அனுப்பினால், வீடு வீடாகச் சென்று நானே அனைவரையும் அழைத்து வருவேன். இயலாதெனில் தயங்காமல் மூடு. காரணம் கேட்பவர்களிடம் என் பெயரைச் சொல்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் இறைவன் நிறைந்த ஆயுளும் நலமும் அருள்க. பேரக் குழந்தைகள் விரும்பியதையெல்லாம் கற்கட்டும். குறுக்கே நிற்க ஒருவரும் இல்லாதிருக்கட்டும்.

இங்ஙனம்,
உன் தந்தை