நூலகருக்கு ஒரு சைக்கிள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன், உறுதிசெய்ய வழியில்லை. மூன்று வருடமாக உன்னிடமிருந்து வருவது பிறந்தநாளுக்கு ஒரு வரி வாழ்த்து மட்டும். குறையாகச் சொல்லவில்லை, நானும் ஒரு வரிதானே பதில் போட்டேன்.

இப்போது ஓர் உதவி. எங்கள் ஆய்வகத்து நூலகர் மலை சைக்கிள் ஒன்று வாங்க ஆசைப்படுகிறார். வயது ஐம்பத்து நான்கு. காட்டுப் பாதையில் ஆறு நாளில் நானூறு கிலோமீட்டர் போக வேண்டுமாம். முதுகில் கொஞ்சம் தொந்தரவு உண்டு. அதனால் முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் அதிர்ச்சி தாங்கி வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிதான் சரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் ஒரு வாரம் இணையத்தில் படித்துப் பார்த்தேன். விற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் வண்டி எல்லாப் பாதைக்கும் ஏற்றது என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று எந்தக் கருவியைப் பற்றிச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து சைக்கிளைக் கழற்றி மாட்டுகிறவன் நீ. நாலு வரி எழுது, போதும்.

பதிலை ஆய்வக முகவரிக்குப் போடு. வீட்டில் போனில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும். சைக்கிள் பேச்சு அத்தான் காதில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே பிரித்தேன். நூலகருக்குச் சைக்கிள் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் நன்றாக இருக்கட்டும்.

நீண்ட தூரம் போகிறவர்களிடம் ஃபுல் சஸ்பென்ஷன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டு மூன்று கிலோ எடை கூடும். பின்பக்கம் ஏறி இறங்குவதால் சாதாரண கேரியர் மாட்ட முடியாது. சேறு புகுந்து கெடுக்க மூட்டுகளும் அதிகம். ஆனால் முதுகு என்று வந்துவிட்டால் பேச்சே வேறு. ஆறாம் நாளும் மனிதர் சீட்டில் உட்கார வேண்டுமே.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிவை. கடையில் ஏறி உட்கார்ந்து மெத்தை மாதிரி இருக்கிறது என்று மயங்கக் கூடாது. நூற்றறுபது மில்லிமீட்டர் அமுங்குகிற வண்டி இறக்கத்தில் பாய்கிறவர்களுக்கு. ஏற்றத்தில் மிதிக்கிற மிதியில் பாதியை அது தானே தின்றுவிடும். இவருக்கு நூற்றிருபது தாராளம். சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பையும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பாதி வண்டிகளில் அந்த இடத்தைப் பின்பக்க அதிர்ச்சி தாங்கியான ஷாக்கே அடைத்துக்கொள்ளும்.

உயரம், எடை, கை நீளம், கால் உட்பக்க நீளம் எல்லாம் எழுது. மூட்டை முடிச்சோடு எவ்வளவு எடை என்றும் தெரிய வேண்டும், ஷாக்கில் காற்று அதை வைத்துத்தான் அடைப்பார்கள்.

ஆனால் தேர்வு மட்டும்தான் என்னுடையது. ஆளுக்கேற்றபடி வண்டி கட்டிக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். பஞ்சர், செயின், பிரேக் கட்டை, அதோடு சரி. பூட்டித் தருவதை உங்கள் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தான் எப்படி நடக்கிறார்? நீ எழுதவில்லை.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எதற்கு ஆகாது என்பதிலிருந்து தொடங்கும் ஆலோசனையை நான் நம்புவேன்.

அளவுகள் இதோ. ஒவ்வொன்றும் மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டவை. உயரம் 178.4 செ.மீ. எடை 74.2 கிலோ, மூட்டையோடு 85. தோளிலிருந்து மணிக்கட்டு வரை 61.5 செ.மீ. கால் உட்பக்கம் வலது 84.6, இடது 83.8. இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண் எழுதியிருக்கலாம். இருபத்து மூன்று வருடமாகத் தராசுகளையும் அளவுகோல்களையும் சரிபார்க்கிறவள். அளந்ததை மழுப்பி எழுத எனக்குக் கை வரவில்லை.

நூலகர் பொறுமையாக நின்றார். "இது கால்சட்டைக்கா, சவப்பெட்டிக்கா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

அத்தான் தடி இல்லாமல் நடக்கிறார். வரைபட அலுவலகத்துக்குத் தினமும் போகிறார். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்துப் பென்சிலால் ஏதோ வழி போடுகிறார். நான் உள்ளே போனால் மடித்துவிடுகிறார்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

சைக்கிள் வாங்கப் போகிற நூலகர் கால்சட்டைக்கு அளவெடுப்பதாக ஏன் நினைக்க வேண்டும்? அந்தச் சவப்பெட்டி ஜோக்கை இருபது வருடமாக ஒரே ஆளிடம்தான் கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் விடு. இடது கால் எட்டு மில்லிமீட்டர் குறைவு என்று எழுதியிருக்கிறாய். அத்தான் தொடை எலும்பில் கம்பி வைத்த அன்று, கால் கொஞ்சம் குட்டையாகலாம் என்று டாக்டர் சொன்னது என்னிடம்தான். நீ அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாய்.

பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம் அதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் அத்தான் சைக்கிள் பயணம் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் அவர் வண்டிக்குப் புது ஹேண்டில்பார் மாட்டியவன் நான். மறுநாள் இறக்கத்தில் அவர் ஹேண்டிலைத் திருப்பினார், சக்கரம் திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருக்க வேண்டிய போல்ட் லூஸாக இருந்தது. இறுக்கினேன் என்றுதான் ஞாபகம். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் கடையில் ஒன்பது வண்டி பார்த்திருந்தேன்.

அத்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஆஸ்பத்திரியில் போய் "மன்னிச்சிடுங்க அத்தான்" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? இப்போதெல்லாம் ஒரு பெடல் மாட்டினால்கூட மூன்று முறை திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள்.

நான் பொறுக்கிக் கொடுக்கிற வண்டியில் அவர் ஏற வேண்டாம். வேறு யாரையாவது கேள். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நூலகர் பொய். ஒப்புக்கொள்கிறேன். ஆறு நாள், நானூறு கிலோமீட்டர் என்பது அத்தான் தன் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அத்தானுக்கென்று கேட்டால் நீ முதல் கடிதத்துக்கே பதில் போட்டிருக்க மாட்டாய்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். ஆஸ்பத்திரி வரி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் இறுக்கித்தான் குடுத்தான். காலையில பாத்தப்ப ஹேண்டில் ஒரு நூல் கோணலாத் தெரிஞ்சுது. நான்தான் லூஸ் பண்ணி நேராக்கினேன். அதுக்குள்ள இன்னும் கிளம்பலியான்னு நீ உள்ளேருந்து கூப்பிட்ட. சாவியச் சட்டைப் பையில போட்டுட்டு வந்துட்டேன்."

எப்போது ஞாபகம் வந்தது என்று கேட்டேன்.

"விழும்போதே."

மூன்று வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கட்டிலருகில் வந்து மன்னிப்புக் கேட்ட அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். வாய் வரவில்லையாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்ததாம்.

உன்னைச் சமாதானப்படுத்தக் கட்டிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என்னை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பை பரணில் பிரிக்காமலே கிடந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். சட்டையை டாக்டர்கள் வெட்டியிருந்தார்கள். அதன் பையில் போல்ட் திருகுகிற ஐந்து மில்லிமீட்டர் அல்லன் சாவி இருந்தது.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாமலிருப்பது இந்த வீட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் நடந்துவிட்டது என்று தோன்றியதால் மூன்றாம் நாள் பேசினேன். உனக்கு எழுதுகிறேன் என்று உட்கார்ந்து நாலு தாள் கிழித்தார். உன் போனுக்குக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பண்ணுவதும் பண்ணாததும் உன் இஷ்டம். நான் சிபாரிசு செய்யவில்லை.

அன்புடன்,
அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பிரேக்குக்காக ஒருவர் காத்திருந்தார். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். வீட்டுக்குப் போய்ப் பட்டப்பகலில் நான்கு மணி நேரம் தூங்கினேன். என் வீட்டுக்காரி பயந்துபோய் எழுப்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். "சரியாயிடுச்சு, அதான் தூங்கறேன்" என்றேன். விளங்கவில்லை அவளுக்கு. உன் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பார், அப்படி ஒரு கோபம். மூன்று வருடம், அக்கா. எத்தனை பேருக்கு வண்டி கட்ட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். நாலு நாள் கொதித்துவிட்டு, நறுக்கென்று கேட்கலாம் என்று அத்தானுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்து "ம்" என்றார். நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நானும் "ம்" என்றேன். பிறகு, "உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்டா" என்றார். அந்தக் குரலை நான் முன்னால் கேட்டதில்லை. சரி அத்தான் என்றேன். அதற்கடுத்த வாக்கியமே, "டயர் ரெண்டே கால் இஞ்சா, ரெண்டரையா?" நாற்பது நிமிடம் பேசினோம். ரெண்டே கால் போதும் என்று அவரும், அதற்கு மேல்தான் என்று நானும் இன்னும் முடியவில்லை.

வண்டி முடிவாகிவிட்டது. அலுமினியச் சட்டம், கார்பன் என்று ஆசை காட்டினார், காட்டு நடுவில் விரிசல் விட்டால் யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டேன். முன்னால் நூற்று முப்பது மில்லிமீட்டர் அமுங்கும், பின்னால் நூற்றிருபது. ஏற்றத்தில் ஷாக்கைப் பூட்ட ஹேண்டிலில் ஒரு நெம்புகோல். பொத்தானை அழுத்தினால் தாழ்கிற சீட், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. இடது ஷூவுக்குள் ஓர் அட்டை. உன் அளவுகளை நம்பித்தான் சட்டம் வரவழைத்திருக்கிறேன்.

பூட்டுவதும் நான்தான். இந்த மாதக் கடைசியில் கொண்டுவருகிறேன். கூடவே என் வண்டியும் வரும்.

தம்பி


மே 30, சாயங்காலம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அடுத்த அறையில் இருக்கிறாய். அத்தான் ஷாக்குக்குக் காற்றடிக்கிறார், நீ அழுத்தம் சொல்கிறாய், அவர் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்கிறார். எழுந்து வந்து சொல்ல வேண்டியதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். முகத்துக்கு நேரே என்னால் முடியாது.

அந்தப் போல்ட்டை நீ இறுக்கவில்லை என்றுதான் நானும் நம்பினேன். யாரும் சொல்லி நம்பவில்லை, நானாகவே. ஒரு தராசை அதன்மேல் ஒட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து நான் ஏற்றதில்லை. பரணில் இருந்த பையை எந்த நாளும் பிரித்துப் பார்த்திருக்கலாம். உன் விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உன் பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு வரியில் பதில் போட்டதற்கு வேலை மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை.

அத்தான் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டார். என் பங்கு இது.

அக்கா


மே 31, காலை

அக்கா,

கதவிடுக்கில் தள்ளுகிறேன். உன் கடிதம் என் ஷூவுக்குள் இருந்தது. நல்ல இடமாகத்தான் பார்த்தாய்.

எனக்குத் தெரியும். அந்த ஒற்றை வரிகளைப் படிக்கும்போதே தெரியும். ஆனால் என்னைப் பற்றி நானே அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? என்னோடு ஒத்துப்போனதற்கு உன்மேல் எப்படிக் கோபப்படுவது. வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது தேடிப் பார்க்கிறேன், அவ்வளவாக அகப்படவில்லை.

நீ எழுவதற்குள் கிளம்பிவிடுவதாகத்தான் திட்டம். அத்தான் வண்டியில் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "அவகிட்ட சொல்லாமப் போனா ஆறு நாளும் எனக்கு ஓடாதுடா" என்கிறார். வாசலில் நிற்கிறோம். எழுந்து வா.

தம்பி