மூன்று லிட்டர் எங்கே போனது

அக்கா,

இன்று மத்தியானம் ஒரு ஆள் தன் காரைப் பிடித்து உலுக்கினான்.

நான் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஆறு நாள். பதினெட்டு முடிந்ததும் சேர்த்துக்கொண்டார்கள். டேங்க் நிறைந்து பம்பு டக்கென்று நின்ற பிறகும் அந்த ஆள் விடவில்லை. இரண்டு கையையும் கார் கூரைமேல் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். உள்ளேயிருந்து காற்று குமிழ் குமிழாக வந்தது. "இப்ப வுடும்மா" என்றான். விட்டேன். நின்றது. மறுபடி ஆட்டினான், மறுபடி விட்டேன். கடைசியில் பெட்ரோல் பொங்கி என் மணிக்கட்டில் வழிந்தது. முதலில் நின்றபோது இருந்த எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் மூன்று லிட்டர்.

"ஏன்ணா ஆட்றாங்க?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"ஆட்டினா காத்து வெளிய வரும், கூட ரெண்டு மூணு லிட்டர் புடிக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் போறவன் இங்க பாண்டிச்சேரில விலை கம்மின்னு கழுத்து வரைக்கும் ரொப்பிகினு போவான். இது கூடத் தெரியாம பங்குக்கு வந்துட்ட" என்று சிரித்தார்.

பம்புக் குழாயைக் கீழே போட்டுவிட்டேன். அவர் கத்தினார். என் காதில் எதுவும் ஏறவில்லை. மூன்று தடவை கை கழுவியும் நாற்றம் போகவில்லை, இதை எழுதும் தாளிலும் அடிக்கிறது. இதே மாதிரி ஒரு மூன்று லிட்டருக்குத்தான் உன் வீட்டுக்காரன் உன்னை அடித்துக் கொன்றான்.

நான் ஒன்பதாவதோடு நின்றது உனக்குத் தெரியும். சார் பாடம் வாசிக்கச் சொன்னார், குரல் வரவில்லை, வரும்வரை நில் என்றார். பீரியட் முழுக்க நின்றேன். மறுநாள் போகவில்லை. அம்மா விளக்குமாற்றால் விளாசினாள். நீதான் உறுவையாற்றில் நம் வீட்டுக்கு வந்து என்னை உன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, "வாய் இல்லாட்டி இன்னாமா, கை இருக்கு இல்ல? எங்க அத்தையைப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணும்" என்றாய். அம்மாவின் கடைசி அடி உன் தோளில் விழுந்தது. சேலியமேட்டில் உன் வீட்டில் மூன்று வருஷம் இருந்தேன். "ஊமச்சி, வண்டியில ஏறுடி" என்று நீ கூப்பிட்டால் எனக்குக் கோபமே வந்ததில்லை.

உன் மாமியாருக்கு சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். உன் வீட்டுக்காரனுக்கு டிராக்டரும் அறுப்பு மிஷினும் வாடகைக்கு விடவே நேரம் சரியாக இருந்தது. உன்னைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்ததும் அவன்தான். நீ ஓட்டுவாய், அத்தை பின்னால் படுத்திருப்பாள், அவள் தலை என் மடியில் இருக்கும்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. கிலோமீட்டரில் அவனால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டான். டேங்க் நிரப்பும்போதெல்லாம் போனை எடுத்து, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுப்பான். "வண்டி எவ்ளோ குடுத்துச்சி?" என்பதுதான் அவன் பேச்சு. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்தால் பேசாமல் சோறு தின்பான். குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான்.

"கிலோமீட்டர் அதே தான். பெட்ரோல் மட்டும் எங்கடி போச்சி? எங்கியோ ஓரமா நிறுத்தி ஏசி போட்டுகினு ஒக்காந்திருக்க. எவன் கூட?"

நீ பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தாய். ஒரு நாள் பாகூர் வரைக்கும் கரும்பு டிராக்டர் பின்னாலேயே இரண்டாவது கியரில் உருள வேண்டியிருந்தது. ஒரு நாள் அரியாங்குப்பத்தில் வண்டிகள் நகராமல் அரை மணி நேரம் நின்றோம். காலையில் அத்தைக்குக் குளிரும், ஏசி வேண்டாம் என்பாள். திரும்பும்போது வேர்த்துக் கொட்டும், முழுசாக வைக்கச் சொல்லிக் கத்துவாள்.

"கறவ மாடே ஒரு நாள் போல ஒரு நாள் கறக்காது. வண்டி மட்டும் எப்டி கறக்கும்?" என்று கேட்டாய்.

"மாடு பொய் சொல்லாதுடி" என்று சொல்லிக்கொண்டே அறைந்தான்.

ஒரு தடவை பின் டயரில் காற்று இறங்கியிருந்தது. அந்த முறை வண்டி பதினைந்துதான் கொடுத்தது. உன் உதடு கிழிந்தது. மறுநாள் பஞ்சர் கடைக்காரர் டயரிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கினார். நீ அதைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "நீ தேடிகினு இருந்தியே ஒரு ஆளு, இவன்தான். நல்லா பாத்துக்க" என்றாய். அத்தைகூடப் படுத்த இடத்தில் சிரித்துவிட்டாள். அவன் அந்த ஆணியை வாங்கி, உன் கையைத் திருப்பி, உள்ளங்கையில் அழுத்தி இழுத்தான். கோடு போட்ட மாதிரி ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கையில் விரல்களை மட்டும்தான் வைத்தாய்.

அதிலும் உனக்கு விளையாட்டு போகவில்லை. பதினாறரை வந்த ஒரு நாள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே, "இன்னிக்கி அரை பாயிண்ட் தான்டி கொறஞ்சிது, அதான் அரை அறையோட வுட்டுட்டான்" என்றாய். வாய்க்குள்ளிருந்து ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து விழுந்தது. நான் சிரித்தேன். அன்று சிரித்ததற்கு இன்று என் பல்லை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு ஓட்டினாய். சிக்னலில் எஞ்சினை அணைத்தாய். அப்படி ஓட்டிய மூன்று வாரத்தின் கடைசியில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அவன் பைக்கோடு பங்கில் காத்திருந்தான். மறுநாள் விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னான். மற்ற நாளில் நீ நிரப்புவாய், பம்பு நின்றதும் நிறுத்திவிடுவாய், ரசீதைக் கொண்டுவந்து அவனிடம் கொடுப்பாய். அன்று அவனே பக்கத்தில் நின்றான்.

"கட் ஆயிடுச்சிண்ணா, போதும்" என்றார் பங்க் ஆள்.

"இன்னா போதும்? அங்க இன்னா விலை தெரியுமா? கழுத்து வரைக்கும் வுடு" என்று சொல்லி, நாம் மூன்று பேரும் உள்ளே இருக்கும்போதே காரைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், கொடல் பெரளுதுடா பாவி!" என்று அத்தை கத்தினாள். நீ திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

வீட்டு வாசலில் கார் நின்றது. இறங்கி அத்தையைத் திண்ணையில் படுக்க வைத்தோம். பொழுது இன்னும் சாயவில்லை. அவன் போனில் கணக்குப் போட்டான். பதினாலரை.

"மூணு லிட்டர் எங்கடி?"

"வண்டி குடிச்சிது. நானா குடிச்சேன்?" என்றாய்.

முதல் அடியில் நீ காரின்மேல் சாய்ந்தாய். அவன் பின் கதவைத் திறந்து ஜாக்கி கம்பியை எடுத்தான். தோளில் அடித்தான், முழங்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கரும்பு ஒடிக்கிற சத்தம்போலக் கேட்டது. தெருவில் ஆட்கள் நின்றார்கள், யாரும் படலைத் தாண்டி வரவில்லை. அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீ கூடவே தான இருந்த. நீ சொல்லு. எங்க நின்னீங்க?"

வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன். தரையைப் பார்த்தேன்.

"பாத்தியாடி? ஒன் தங்கச்சியே முழுங்குறா!"

நீ ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு, "அவளக் கேக்காத. அவ சின்ன புள்ள" என்றாய். நீ கடைசியாகப் பேசியது அதுதான். அவன் உன் தலைமுடியைப் பிடித்து, திறந்திருந்த கார்க் கதவின் விளிம்பில் மோதினான். மூன்று தடவை. இரண்டாவது தடவையே உன் கை கீழே விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் அதே காரில் உன்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். அத்தை தலை வைக்கிற என் மடியில் உன் தலை இருந்தது. எவ்வளவு துணி வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் காலை நீ இல்லை.

அவன் ஜெயிலில் இருக்கிறான். ஆனால் ஊர் உன்னை விடவில்லை. போலீஸ் கேட்டபோது அத்தை, "எனக்கு இன்னா தெரியும், நான் கண்ண மூடிகினு கெடந்தேன்" என்றாள். அவளும் அந்தக் காரில்தான் இருந்தாள். மகனுக்காக உன்னை விற்றாள். "மூணு லிட்டர் காத்துலயா போவும்? எங்கியோ நின்னுதான் இருக்கா" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேசினார்கள். வக்கீலம்மா, "பெட்ரோல் எங்க போனா நமக்கு இன்னாம்மா, அடிச்சது போதும் கேஸுக்கு" என்கிறார். கேஸுக்குப் போதும். உன் பேருக்குப் போதாது. நம் அம்மாவே ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நெருப்பில்லாம பொகையுமா" என்றாள். அன்றிலிருந்து அவளோடு நான் சாப்பிடவில்லை.

இன்று வேலை முடிந்து வந்ததும் அம்மா எதிரில் நின்று சொன்னேன். பம்பு, காற்று, லிட்டர் என்று ஏதேதோ சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. அரிசிப் பானையிலிருந்து படியை எடுத்தேன். அரிசியை நிரப்பி விளிம்போடு வழித்துவிட்டேன். "இது அக்கா ரொப்புனது" என்றேன். பிறகு படியைப் பிடித்துக் குலுக்கினேன். அரிசி இறங்கி மேலே இடம் விழுந்தது. இன்னும் இரண்டு பிடி போட்டேன். "இது அவன் ரொப்புனது. அந்த ரெண்டு புடியும் வண்டி வயித்துலதாம்மா இருந்திச்சி. அக்கா எங்கியும் செலவு பண்ணல."

கூலி நெல்லை ஆயுசு முழுக்கப் படியில் அளந்து வாங்கியவள் அவள். புரிய ஒரு நொடிதான் ஆனது.

"குலுக்கி அளந்துட்டு, அரிசி கொறையுதுன்னு எம் பொண்ண அடிச்சானா?"

படியைப் பிடுங்கித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அரிசி வீடெல்லாம் சிதறியது. நெற்றி வெடித்து ரத்தம் மூக்கில் இறங்கியது. அவள் கையைப் பிடித்தேன். அந்தக் கையாலேயே என் கன்னத்தில் அறைந்தாள்.

"கூடவே குந்தி இருந்தியே. எங்கியும் நிக்கலன்னு உனுக்குத் தெரியும் இல்ல? அவன் கேட்டானே, அன்னிக்கி ஏன்டி சொல்லல?"

அவள் அடித்து ஓயும்வரை நின்றேன். உன் முதுகு எனக்கு முன்னால் இல்லை.

குலுக்கினால் கூடப் பிடிக்கும் என்று எனக்கு அன்று தெரியாது. அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நாம் எங்கும் நிற்கவில்லை என்பது தெரியும். "எங்கியும் நிக்கல மாமா." மூன்றே சொல். இப்போது பஸ்ஸில் போகும்போது சத்தம் வராமல் சொல்லிப் பார்க்கிறேன். வருகிறது அக்கா, சுலபமாக வருகிறது. கோர்ட்டில் கூப்பிடும்போது உரக்கவே சொல்லுவேன்.

அன்று சொல்லியிருந்தாலும் அவன் கை நின்றிருக்காது என்று வக்கீலம்மா சமாதானம் சொல்கிறார். இருக்கலாம். அவன் கேட்டிருக்க மாட்டான்.

நீ கேட்டிருப்பாய்.