பூசணி எழுத்தின் உதவிக் குழு

மார்ச் 4
காலையில் என் 'பூசணி' எழுத்துருவை இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் வரி ஆலோசகர். பழைய மிட்டாய் டப்பா எழுத்து மாதிரி உப்பி, உருண்டு, சிரிக்கிற இதை வைத்துக்கொண்டு அவர் யாரைப் பயமுறுத்தப் போகிறாரோ! இன்னொரு பெயரைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மகள்.

மார்ச் 5
தெரிந்து வாங்கினாளா, தெரியாமலா? எழுத்துருவை விற்கிற இணையதளத்தில் என் பெயர் கிடையாது. 'பூசணி' என்ற பெயரே அவள் வீட்டை விட்டுப் போன பிறகு வைத்ததுதான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் கிடந்த இந்த எழுத்து வரைந்த தாள்களைத் தள்ளிவிட்டுத்தானே தினமும் தட்டு வைப்பாள்?

"ஆபீஸ் வேலைய விட்டுட்டு குண்டு எழுத்து வரையறியேம்மா, கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள் அன்றைக்கு. "சொல்ல வெக்கமா இருந்தா இந்தப் படி ஏறாத" என்றேன் நான். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவள், இதை மட்டும் கேட்டுவிட்டாள். ஒரு வருஷமாகிறது.

மார்ச் 6
தங்கையிடம் சொன்னேன். "போன் போட்டுக் கேளேன்க்கா. ரெண்டு பேரும் ஒரே அச்சு, யார் முதல்ல இறங்கி வர்றதுன்னு மொறச்சிட்டே இருங்க" என்றாள். எண்ணை எடுத்தேன், வைத்துவிட்டேன். எடுத்து 'யாரு'ன்னு கேட்டுட்டா?

மார்ச் 11
உதவிப் பகுதிக்கு அவளிடமிருந்து மின்னஞ்சல்! "சலவைக் கடை திறக்கிறேன். பெயர் 'நுரை'. உங்கள் எழுத்துருவில் இரண்டு எழுத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம். பல் விழுந்த மாதிரி தெரிகிறது. சரிசெய்ய முடியுமா?" மேலே 'மதிப்பிற்குரியவர்களுக்கு' என்று வேறு. மரியாதையோ மரியாதை.

கடையாம். அப்போ அவளும் வேலையை விட்டுவிட்டாளா? எனக்கு யாருமே சொல்லலையே. கோபப்படுவதா, சிரிப்பதா? ஒண்ணும் புரியல.

மார்ச் 12
திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எரிச்சலாக இருந்தது. 'ரை'யின் கொம்பை இடப்பக்கம் நகர்த்தினேன், 'நு'வின் வாலில் இடித்தது. சாயங்காலத்துக்குள் ஒருவழியாகச் சரியாயிற்று.

பதில் எழுதத்தான் வரவில்லை. 'கண்ணம்மா' என்று ஆரம்பித்து அழித்தேன். 'பாப்பா' — அழித்தேன். கடைசியில் போனது இது: "வணக்கம். பிழை சரிசெய்யப்பட்டது. புதிய கோப்பை இணைத்துள்ளோம். இப்படிக்கு, உதவிக் குழு." குழுவாம், குழு! நானும் இந்த நாற்காலியும்.

மார்ச் 13
பதில் இல்லை.

மார்ச் 15
இல்லை. ஏன்டி, ஒரு நன்றி சொன்னா குறைஞ்சா போயிடுவ? முன்பின் தெரியாத ஏதோ கம்பெனி என்றுதான் நினைத்திருக்கிறாள். நான்தான் லூசு மாதிரி என்னென்னவோ…

மார்ச் 18
வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"இடைவெளி இப்போது சரியாக இருக்கிறது. நன்றி. ஞாயிற்றுக்கிழமை போர்டு மாட்டுகிறோம். கோணலாக மாட்டிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற அம்மா யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள். சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள்."

திரும்பத் திரும்பப் படித்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே பதில் அடித்தேன்.

"வணக்கம். அனுப்பிவைக்கிறோம். இப்படிக்கு, உதவிக் குழு."