வெள்ளிக்கிழமையைத் தின்ற ஆடு

ஜனவரி 20, திங்கள்

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி, பால் கணக்கு எழுதக்கூட ஆகாமல் கிடந்தது. இன்று எழுதுவதற்கு விஷயம் வந்துவிட்டது.

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் மிஸ் உத்தரவு போட்டிருக்கிறார். இனிமேல் தினமும் வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து இருபது நிமிடம் கதைப் புத்தகம் வாசிக்க வேண்டுமாம். வாசித்ததற்குச் சாட்சியாக எட்டு மணிக்குள் போட்டோ. ஆண்டு விழாவில் 'வாசிப்புக் குடும்பம்' என்று ஒரு வீட்டுக்குக் கேடயம்.

கேடயம் என்றதும் என் புத்தி நேராகப் பக்கத்து வீட்டு ஏஞ்சலினின் ஷோகேஸுக்குப் போனது. அவள் மகன் ஜோயலும் எங்கள் கனிஷ்காவும் ஒரே யு.கே.ஜி. அவள் ஷோகேஸில் மாறுவேடப் போட்டிக்கு ஒன்று, ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்கு ஒன்று என்று ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன. எங்கள் வீட்டிலும் ஷோகேஸ் உண்டு. உள்ளே என் வீட்டுக்காரரின் காப்பர் கம்பிச் சுருள் இருக்கிறது.

சாயங்காலம் உட்கார்ந்தோம். "ஒரு ஊருல ஒரு நரி" என்று ஆரம்பிப்பதற்குள் சின்னவன் அட்டையின் மூலையைக் கடித்துவிட்டான். ஒன்றரை வயது, அவனுக்கு எல்லாமே தின்பண்டம். "நரி ஏம்மா ஒத்தையா இருக்கு?" என்றாள் கனி. "பேசாம போனப் பாருடி" என்றேன். போட்டோ போய்விட்டது. மிஸ் மூன்று கைதட்டல் போட்டார். நரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்றும் போட்டோ. கூலிக்குத் தைக்கிற நைட்டிக் கட்டு ஒன்று கொடுக்கப் பாக்கி. நரியும் பாக்கி.

ஜனவரி 26, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். தினமும் எதற்கு மெனக்கெட வேண்டும்? ஒரே நாளில் வாரத்துக்கும் சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா? இட்லி மாவு ஆட்டி வைப்பதில்லையா?

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்ததும் ஆரம்பித்தேன். பொங்கல் பாவாடை, ஊதாக் கவுன், மிச்சத் துணியில் நான் தைத்த சட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டேன். "புக்கப் பிடி. பல்லக் காட்டு. ஆச்சு. போ." கனி சொன்னபடி கேட்டாள். என் தங்கம்.

பாண்டிராஜ் — என் வீட்டுக்காரர், பாளையம்பட்டி பஸ் ஸ்டாப் பக்கம் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை — எட்டிப் பார்த்து, "எம்புட்டுச் சட்டைடி மாத்துவ? புள்ளைக்கென்ன கல்யாணமா?" என்றார். மனிதருக்கு எதிர்காலத் திட்டமே கிடையாது.

ஜனவரி 29, புதன்

தண்ணி லாரி வரிசையில் ஏஞ்சலின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க்கா, உங்க வீட்டுல மட்டும் வாரம் பூராம் ஞாயித்துக்கெழமையா?"

வீட்டுக்கு ஓடிவந்து போனைப் பார்த்தேன். திங்கள் அனுப்பிய போட்டோ, செவ்வாய் அனுப்பிய போட்டோ, இரண்டிலும் கனியின் தலைக்கு மேலே தினசரிக் காலண்டர். சிவப்பு எழுத்தில் கொட்டையாக 26.

சே! ஒரு குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதையும் அவள்தான் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலண்டரைக் கழற்றி வைத்தால் முடிந்தது. அறிவுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் அதைவிட ஒரு படி மேலே போனேன். தேதி தெரிந்தால் சாட்சி இன்னும் பலமாக இருக்குமே! ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு தாள் கிழித்தேன். திங்கள், செவ்வாய், புதன்... வெள்ளி வரை வந்து நிறுத்தினேன். கிழித்த தாள்கள் தையல் மிஷின் டிராயரில்.

இனி ஏஞ்சலின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவர் தட்டு முன்னால் உட்கார்ந்தவர் நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம அதுவுமா கருவாடு வச்சிருக்க?" என்று சத்தம் போட்டுவிட்டு, மோரை ஊற்றி இரண்டு வாய் தின்றுவிட்டுப் போய்விட்டார். கிழித்த கதையை எந்த வாயால் சொல்வது?

அதோடு விட்டாரா? கடைக்குச் சாம்பிராணி போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மோட்டார் எடுக்க வருவதாகச் சொன்ன வீரசோழன் ஊர்ப் பாய்க்கு போனைப் போட்டு, "என்ன பாய், ஜும்ஆ முடிச்சு வாரேன்னீக, ஆளக் காணோம்?" என்று கேட்டிருக்கிறார். "தம்பி, ஒடம்புக்குச் சொகமில்லையா? இன்னைக்குப் புதன்கெழமல்ல" என்றாராம் அவர்.

இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழம்பச் சுட வையி" என்றார். சட்டியோடு வாங்கித் தின்றார். கனி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

'கனிஷ்காவின் அம்மாவைப் பார்த்து மற்ற பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டும்' — மிஸ் குழுவில் எழுதியிருக்கிறார். ஏஞ்சலின் அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறாள். நாலைந்து முறை திறந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன்.

கனி எழுந்ததும் கேட்டாள்: "இன்னைக்கு எத்தன சட்டைம்மா?"

பிப்ரவரி 11, செவ்வாய்

மிஷினில் இருந்தேன். பின்னால் கனி விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினேன். பொம்மையைச் சுவரில் சாய்த்து, மடியில் நரிப் புத்தகத்தை வைத்திருந்தாள். கையில் சோப்பு டப்பா.

"இங்க பாரு. பல்லக் காட்டு. ஆச்சு. போ."

பொம்மையைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அடுத்து சின்னவன். அவன் புத்தகத்தில் விரலை வைத்து ஏதோ மழலையில் கேட்டான். "நரியெல்லாம் கேக்கக் கூடாது. பேசாம போனப் பாருடா" என்றாள்.

என் குரல். அப்படியே என் குரல்.

அதற்கு மேல் தைக்க ஓடவில்லை. அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

பிப்ரவரி 12, புதன்

போனைத் தூர வைத்துவிட்டு அவளை மடியில் உட்கார வைத்தேன். நிஜமாகவே வாசித்தேன். "ஒரு ஊருல ஒரு நரி..." முதல் வரியிலேயே முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. பல் தெரிய, அசையாமல்.

"எடுத்தாச்சாம்மா?"

"போட்டோ இல்லடி. கதை."

"போட்டோ எடுக்காம எப்பிடிம்மா படிக்க?"

இறங்கிப் போய்விட்டாள். பிடிக்கவில்லை என்றால்கூடத் தேவலை, பிடிக்கவைக்கலாம். புத்தகம் என்பது அவளுக்கு முடிந்துபோன வேலை ஆகிவிட்டது. இதைச் செய்தது யாரோ இல்லை. ஏன்டி ஈஸ்வரி, ஒரு கேடயத்துக்கா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கனிக்குப் பிறந்தநாள். அருப்புக்கோட்டையிலிருந்து கேக். ஏஞ்சலினும் ஜோயலும் வந்திருந்தார்கள். கேக்கை வெட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். எல்லார் போனும் முடியும்வரை வாயில் வாங்கவில்லை. அந்த இடைவெளியில் சின்னவன் இரண்டு கையாலும் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டான். விழா கொண்டாடியது அவன் ஒருத்தன்தான்.

எல்லாரும் போனதும் என் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாபின் தேடுகிறேன் என்று கனி மிஷின் டிராயரைக் கவிழ்த்துவிட்டாள். கிழித்த காலண்டர் தாள்கள் கொட்டின.

"இதென்னம்மா?"

"திங்க, செவ்வா, புதன்..."

"வெள்ளி எங்க?"

வெள்ளியைக் கிழிக்கவே இல்லையே, அது சுவரில் இருந்து தன் நாளில் போய்ச் சேர்ந்தது. இதை எப்படிச் சொல்ல? நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "ஆடு தின்னுருச்சு. அதான் அப்பா பெறகு கருவாடு தின்னாரு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாள்களை அடுக்கி ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தேன். புத்தகம் மாதிரியே வந்துவிட்டது. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததில் ஆடு வரைந்தாள். நான்கு கால்தான், ஐந்தாவது வால் என்று பிறகு தெரிந்தது. "படிம்மா" என்று என்னிடம் நீட்டினாள். படித்தேன். "அப்பிடி இல்ல, ஆடு மொதல்ல மோந்து பாக்கும். ஒழுங்காப் படி" என்று திட்டு வாங்கினேன்.

பல்லைக் காட்டவே இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள். போன் அரிசியில் கிடந்தது.

பிப்ரவரி 19, புதன்

ஆடு.

பிப்ரவரி 20, வியாழன்

ஆடுதான். அவரையும் உட்கார வைத்துவிட்டாள். தன்னைத்தான் படமாகப் போட்டிருக்கிறாள் என்று தெரியாமல், "யாருல இவன், மூஞ்சியத் தூக்கிட்டு ஒக்காந்திருக்கான்?" என்று கேட்டார்.

பிப்ரவரி 22, சனி

கனி நரிப் புத்தகத்தைத் தானாக எடுத்துவந்தாள். "ஆட்ட இதுக்குள்ள விடலாமாம்மா? நரி ஒத்தையா இருக்குல்ல."

நரியும் ஆடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முழுக் கதையையும் வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, ஆடு எங்கே நிற்கும் என்று அவள் விரல் வைத்துச் சொன்னாள். எட்டு மணி தாண்டிப் போனது.

மார்ச் 3, திங்கள்

போனை அரிசியிலிருந்து எடுத்துப் பார்த்தால், குழுவில் ஒரு பட்டியல்: 'வாசிப்பில் ஆர்வம் காட்டாத பெற்றோர்.' முதல் பெயர் என்னுடையது. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன்?

ஏஞ்சலின் நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள். "என்னங்க்கா, நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு? வாசிப்ப நிறுத்திட்டீகளா?"

"நேரமில்ல ஏஞ்சலின்" என்றேன். ஒருவிதத்தில் உண்மை.

மார்ச் 5, புதன்

ஜோயல் மூன்று நாளாக ஆட்டுக்கதை கேட்க எங்கள் வீட்டுக்கு வருகிறான். இன்று ஏஞ்சலின் வாசலில் வந்து நின்று, "எட்டு மணியாகப் போவுது, போட்டோ அனுப்பணும், வாடா" என்று கெஞ்சினாள். அவன் அசையவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்? நரிப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, "இங்க பாரு" என்று அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்த வித்தையில் எனக்குக் குருநாதர் ஸ்தானம்.

மார்ச் 7, வெள்ளி

ஆண்டு விழா. கேடயம் ஏஞ்சலின் வீட்டுக்கு.

பெரிய திரையில் அவர்கள் போட்டோவைப் போட்டார்கள். சின்னவன் கடித்த மூலை தெரிய, ஜோயல் கையில் நரிப் புத்தகம். தலைக்கு மேலே என் காலண்டர், சரியான தேதியோடு. ஓரத்தில் ஒரு சின்ன முழங்கையும் பக்கத்தைத் தொடுகிற விரலும். அவ்வளவுதான் கனி.

கூட்டம் கைதட்டியது. கனி நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள்: "அம்மா, ஆடு நரி வீட்டுக் கதவத் தட்டுற எடம்!"

முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். திரையில் ஆடும் இல்லை, கதவும் இல்லை.

முடிந்ததும் மிஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மொதல்ல எவ்வளவு நல்லாப் பண்ணுனீங்க! இந்த வயசுல வாசிப்பு இல்லாம விட்டா பின்னால கஷ்டம். புள்ள விஷயத்துல கொஞ்சம் அக்கறை காட்டுங்கம்மா" என்றார். "சரிங்க மிஸ்" என்றேன். கனி என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமாம், கதவைத் தட்டிவிட்டு ஆடு வெளியிலேயே நிற்கிறதாம்.