ஹஸீனா அப்துல் ரவூபின் விண்ணப்பம்

ரோவல் ரோடு,
சிங்கப்பூர்.
2 மார்ச் 2026

அன்பு மகன் அஸ்மத்துக்கு உம்மா எழுதுவது. உனக்கும் மருமகளுக்கும் என் ஸலாம். நோன்பு இருவருக்கும் இலகுவாகப் போகிறது என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் என் பெயரையே மறந்துவிட்டேன் என்று பூன் லேயிலிருந்து தேக்கா வரை ஒரு பேச்சு உலவுகிறது. அது மெல்பர்னுக்கும் வந்துவிட்டது என்பதை நேற்று நீ போனில் பேசியபோதே தெரிந்துகொண்டேன். இன்று என்ன கிழமை என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை, இன்று திங்கட்கிழமை. என் பெயரும் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான். நெதர்லாந்தில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கிறேன் என்று ஜனவரியிலேயே உனக்குச் சொன்னேன். நீ விளையாட்டு என்று நினைத்தாய். அங்கே விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் ஒரு பொது இணையதளத்தில் பதிய வேண்டும். அதில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் ஹஸீனா டி/ஓ அப்துல் ரவூப் என்று இருக்கிறது. அப்துல் ரவூபின் மகள், அவ்வளவுதான். குடும்பப் பெயருக்கான கட்டத்துக்கு முன்னால் இன்னொரு சின்னக் கட்டம் இருந்தது. டச்சுக்காரர்களின் பெயர்களில் வரும் ‘வான்’, ‘டெர்’ போன்ற ஒட்டுகளுக்கான இடம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. டி/ஓ என்று அதில் எழுதினேன். இந்த ஊரில் ஆயுள் முழுக்கப் படிவம் நிரப்பிய எந்தப் பெண்ணும் அதைத்தான் எழுதியிருப்பாள். இரண்டு நாளில் ‘மதிப்பிற்குரிய திருமதி டிஓ அப்துல் ரவூப்’ என்று விளித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை, உங்கள் சரியான பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

நான் விளக்கம் எழுதினேன். மறுநாளே நன்றி சொல்லிப் பதில் வந்தது. அங்கே அது முடிந்துவிட்டது. பூன் லேயில், உன் ஜரீனா மாமி வீட்டில், முடியவில்லை. அவள் வீட்டில் பிரிண்டர் இருக்கிறதே என்று அந்த மின்னஞ்சலை அச்சடிக்க அனுப்பியதுதான் நான் செய்த தவறு. நோன்பு திறக்க வந்த அத்தனை பேரிடமும் அவள் அதைக் காட்டி, “பாருங்க, பேரு என்னன்னு வெள்ளைக்காரன் கேக்குற அளவுக்கு ஆயிடுச்சு. வயசான காலத்துல ஆளுங்க உம்ராவுக்குப் போவாங்க, எங்க மதினி ஹாலந்துக்குப் போறாங்களாம்லா!” என்றாளாம். போன வாரம் தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர், “ஆன்ட்டி, என்னை ஞாபகம் இருக்கா?” என்று சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். வாராவாரம் அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். உங்கள் தராசு போன மாதம் காட்டிய எடையும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். “உம்மா, எழுபது வயசுல யாருக்கு என்ன நிரூபிக்கணும்? பேசாம இங்க வந்து எங்களோட இருங்க” என்றாய். உன் வாப்பா மவுத்தான பிறகு உன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். மருமகள் என்னை ஒரு கரண்டிகூடக் கழுவ விடவில்லை. அது அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் மாதமே நான் சன்னலருகே உட்கார்ந்து, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கிவிட்டேன். அந்த நோட்டை நீ பார்க்கவில்லை. திரும்பும்போது கிழித்துப் போட்டேன்.

தஞ்சோங் பகார் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கப்பல்களின் சரக்குப் பட்டியலைச் சரிபார்த்தவள் நான். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் வைத்திருந்த காலத்தில், எந்தக் கப்பல் வந்தது, யாருடையது, எத்தனை கட்டுத் துணி என்று எழுதி வைத்தார்கள். அந்தத் தாள்கள் அவர்கள் நாட்டில் இருக்கின்றன. நம் ஆட்களின் கப்பல்களும் அதில் உண்டு. அவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்துத்தான் அறுபத்து நான்கு வயதில் வரலாற்றுப் பட்டம் வாங்கினேன். இனி அந்தப் பட்டியல்களை நானே படிக்க வேண்டும். யாருக்கும் எதையும் நிரூபிக்க அல்ல. அந்த வேலை எனக்குத் தெரியும், அதனால்தான்.

ஆங்கிலத் தேர்வும் எழுதச் சொன்னார்கள். கான்வென்டில் சிஸ்டர்களிடம் பிரம்படி வாங்கி இலக்கணம் படித்தவளைப் பார்த்து ஆங்கிலம் தெரியுமா என்றால் கோபம் வராதா? இருந்தாலும் போனேன். டோபி காட் பக்கத்தில் தேர்வு. நான் கண்காணிப்பாளர் என்று நினைத்து இரண்டு பிள்ளைகள் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். பேச்சுத் தேர்வில், பத்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றார் தேர்வாளர். எண்பதில் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒன்பதுக்கு எட்டரை வந்திருக்கிறது.

உன் கவலைகள் நியாயமானவை. ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இடது முட்டி படிகளை விரும்பவில்லை, அங்கே வீடுகளில் படிகள் செங்குத்தாம். கீழ்த்தள அறை கேட்டிருக்கிறேன். சைக்கிள் ஓட்ட மாட்டேன். இடம் கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பேன்.

சான்றிதழ்கள், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற கட்டுரை, எல்லாம் தயார். இந்த மாதம் 31ஆம் தேதி விண்ணப்பத்தை அனுப்புகிறேன். ஒரே ஒரு கட்டம் மட்டும் மீதி. அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நாற்பத்தாறு வருடம் யோசிக்காமல் அங்கே உன் வாப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன். நாங்கள் ஹஜ்ஜுக்குப் போனபோதுகூட, பக்கத்திலேயே நின்றவரின் பெயரைத்தான் எழுதினேன். இந்த முறை கை ஓடவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். நோன்பு நாள், அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜரீனா மாமி, “என் பேரைப் போட்டுக்கோங்க மதினி. ஆனா உங்களைத் திட்டிட்டுத்தான் ப்ளைட் ஏறுவேன்” என்றாள். நல்ல மனசுதான் அவளுக்கு. ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு அவள் பெயர் வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் போவதில் உனக்கு இஷ்டமில்லை, உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதுவதும் முறையல்ல. நீ வேண்டாம் என்றால் கோபப்பட மாட்டேன். விண்ணப்பம் ஜரீனா பெயரோடு போகும்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைத் தரட்டும். நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்கும் துஆ வீண்போகாது என்பார்கள். அப்போது நான் உனக்காகக் கேட்பதை இங்கே எழுதவில்லை.

போனில் நீ “சரி உம்மா, சரி உம்மா” என்பாய். அதில் எது சம்மதம், எது சலிப்பு என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அதனால் உன் பெயரை எழுதட்டுமா வேண்டாமா என்று, 31ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி, உன் கையால் ஒரு கடிதம் எழுது.

உன் உம்மா,
ஹஸீனா